அந்தக் கட்டத்தில் டிக் போடலாமா?

மூன்று வாரமாக என் லேப்டாப்பில் ஒரு டேப் மூடாமலே கிடக்கிறது. அதில் என் முதல் புத்தகம் இருக்கிறது. ஒன்பது சிறுகதைகள், சிவில் டிபார்ட்மென்ட் தோழி வரைந்து கொடுத்த அட்டை, 100 ரூபாய் விலை, எல்லாம் ரெடி. ஒரே ஒரு கட்டம்தான் காலி. 'கேடிபி செலக்ட்டில் சேர்க்கவா?' என்று கேட்கும் கட்டம்.

ஃபைனல் இயர் பிராஜெக்ட்டுக்குத் தலைப்பு எடுக்கும்போதுகூட நான் இவ்வளவு யோசிக்கல. "90 நாள்தானேடி, டிக் போட்டுட்டுப் படு" என்று சொல்லிவிட்டு ரூம்மேட் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரல.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். கிண்டில் டைரக்ட் பப்ளிஷிங், சுருக்கமா கேடிபி, அமேசானில் நாமே மின்னூல் வெளியிடுகிற வசதி. பதிப்பாளர் வேண்டாம், முன்பணம் வேண்டாம், தமிழிலும் போடலாம். அதற்குள்ளே இருக்கிற இன்னொரு திட்டம்தான் கேடிபி செலக்ட். சேர்வதும் சேராததும் நம்ம இஷ்டம். சேர்ந்தால் அந்த மின்னூல் 90 நாளைக்கு அமேசானில் மட்டும்தான் இருக்கணும். கூகுள் பிளே புக்ஸ், கோபோ எதிலும் விற்கக் கூடாது. சொந்த வலைப்பூவில் இலவசமாகக்கூட வைக்கக் கூடாது. மாதிரிக்கு 10 சதவீதம் வரை வெளியே காட்டலாம், அவ்வளவுதான். அச்சுப் புத்தகத்துக்கு மட்டும் இந்த நிபந்தனை கிடையாது. 90 நாள் முடிந்ததும், நாம் போய் நிறுத்தவில்லை என்றால், அடுத்த 90 நாள் தானாகவே தொடங்கிவிடும்.

பதிலுக்கு என்ன கிடைக்கும்? மூணு விஷயம். ஒன்று, மாதச் சந்தா கட்டிப் படிக்கிற கிண்டில் அன்லிமிடெட் வாசகர்களுக்கு நம்ம புத்தகம் போகும். அவர்கள் படிக்கிற ஒவ்வொரு பக்கத்துக்கும் நமக்குக் காசு. இரண்டு, 90 நாளில் ஐந்து நாள் புத்தகத்தை இலவசமாகக் கொடுக்கலாம். மூன்றாவதுதான் நம்ம ஊர் எழுத்தாளர்களுக்கு முக்கியமானது. இந்தியாவில் நடக்கிற விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் செலக்ட்டில் இருந்தே ஆகணும். இல்லையென்றால் 35 சதவீதம்தான்.

இன்ஜினியரிங் படிச்சுட்டுக் கணக்குப் போடாமல் இருக்க முடியுமா? போட்டேன். முதல் மூணு மாசத்தில் 20 பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரி, டெலிவரி செலவு எல்லாத்தையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், டிக் போடாவிட்டால் ஒரு பிரதிக்கு 35 ரூபாய், மொத்தம் 700. டிக் போட்டால் பிரதிக்கு 70, மொத்தம் 1400. கூடவே 40 பேர் சந்தாவில் 150 பக்கத்தையும் படித்து முடிக்கிறார்கள். பக்கத்துக்கு எவ்வளவு என்பது மாதாமாதம் மாறும், மாதம் முடிந்த பிறகுதான் தெரியும். கணக்குக்காகப் பத்து பைசா என்று வைத்தால் ஆளுக்கு 15 ரூபாய், மொத்தம் 600. ஆக 2000 ரூபாய்க்கு எதிராக 700 ரூபாய். வித்தியாசம் 1300.

கணக்குப்படி டிக் போடுவதுதான் சரி. அதை மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல.

சந்தா என்ற ஐடியாவையும் நான் குறை சொல்ல மாட்டேன். மதுரையில் என் அம்மாச்சி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. ரமணிசந்திரன், ராஜேஷ்குமார் எல்லாரும் அங்கிருந்துதான் வீட்டுக்குள் வந்தார்கள். ஒரே பிரதி, நூறு கை மாறி, அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமல் போகிற வரைக்கும் ஓடும். அந்த நூறு வாசிப்பில் எழுதியவருக்குப் போனது ஒரு பிரதிக்கான காசு மட்டும்தான். கிண்டில் அன்லிமிடெட்டில் ஒவ்வொருவர் படிக்கும்போதும் எழுதியவர் கணக்கில் ஏதோ ஒன்று ஏறுகிறது. அந்த வகையில் இது நல்ல மாற்றம்தான்.

ஆனால் அந்த லைப்ரரிக்காரர் எழுத்தாளரிடம் போய், "உங்க புத்தகம் இனிமே என் கடையில மட்டும்தான் இருக்கணும்" என்று கேட்டதில்லை. அங்கேதான் எனக்கு இடிக்குது.

இப்போ அந்த 1300 ரூபாய்க்கு நான் எதைக் கொடுக்கிறேன் என்று பார்ப்போம். என் ஒன்பது கதைகளில் இரண்டு இந்த இதழில் வந்தவை. இரண்டாம் வருஷத்தில் ஒன்று, போன வருஷம் ஒன்று. 150 பக்கத்தில் இரண்டும் சேர்ந்து 34 பக்கம். அதாவது கிட்டத்தட்ட 23 சதவீதம், அனுமதி 10. டிக் போட வேண்டுமென்றால் ஒன்று அந்தக் கதைகளைப் புத்தகத்திலிருந்து எடுக்கணும், இல்லை நம்ம ஆசிரியர் குழுவிடம் போய் "என் கதைகளை இதழிலிருந்து தூக்கிடுங்க" என்று கேட்கணும்.

அந்த இரண்டாம் வருஷக் கதையின் முதல் வடிவத்தில் பக்கத்துக்குப் பத்து எழுத்துப் பிழை இருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் மீடியம். 'ற'வும் 'ர'வும் இன்றைக்கும் என்னைக் குழப்பும். இந்த இதழின் சீனியர் ஒருத்தங்க இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தி, ஏன் தப்பு என்றும் சொல்லிக் கொடுத்தாங்க. அந்தக் கதை வந்த அன்று இரவு அம்மா லிங்க்கை வாட்ஸாப்பில் அம்மாச்சிக்கு அனுப்பினார். அம்மாச்சி எழுத்தைப் பெரிசாக்கி வைத்துக்கொண்டு படித்துவிட்டு போன் போட்டது: "ஏம்புள்ள, அந்தப் பொண்ணு கடைசியில வீட்டுக்குப் போச்சா இல்லையா, எழுதாம விட்டுட்டியே?" எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அதுதான். கிண்டில் ஆப் இலவசம்தான், தெரியும். ஆனால் அக்கவுண்ட், பாஸ்வேர்டு, பணம் கட்டுகிற பக்கம் இதையெல்லாம் தாண்டி அம்மாச்சி அங்கே வராது. லிங்க் என்றால் வரும்.

'தி மார்ஷியன்' படம் பார்த்திருப்பீங்க. அந்த நாவலை ஆண்டி வெயர் முதலில் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாகத்தான் போட்டார். கிண்டிலில் படிக்க வசதியாக வேண்டும் என்று வாசகர்கள் கேட்ட பிறகு, 2011ல் அங்கேயும் போட்டார். இலவசமாக வைக்க முடியாததால் குறைந்தபட்ச விலையான 99 சென்ட். இலவசப் பிரதி ஒரு பக்கம் இருக்கும்போதே காசு கொடுத்து வாங்கியவர்கள் குவிந்தார்கள். 2014ல் பெரிய பதிப்பகம் அச்சில் கொண்டுவந்தது, 2015ல் படம். அந்தக் கட்டத்தில் டிக் இருந்திருந்தால் இணையதளப் பிரதியை அவர் எடுத்திருக்கணும். நான் ஒன்றும் ஆண்டி வெயர் இல்லை. ஆனால் முதல் வாசகர்கள் எங்கே இருந்து வருகிறார்கள் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

"எல்லா இடத்திலும் போட்டா மட்டும் எல்லாரும் வந்து படிச்சிருவாங்களா?" என்று ரூம்மேட் கேட்டாள். நியாயமான கேள்வி. நாலு கடையில் வைத்தால் நாலு மடங்கு விற்காது. ஒவ்வொரு தளத்திலும் தனியாக அக்கவுண்ட், தனியாக விலை, தனியாக அப்டேட். பிழை ஒன்றைத் திருத்தினால் எல்லா இடத்திலும் திருத்தணும்.

அதனால் எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. வருஷத்துக்கு நாலு நாவல் எழுதுகிறவர், தொடராக எழுதுகிறவர், வெளியே எங்கேயும் கதை வராதவர், இவர்களெல்லாம் தாராளமாக டிக் போடலாம். முதல் பாகம் படித்த சந்தாதாரர் அடுத்தடுத்த பாகத்துக்குக் கூடுதல் காசு இல்லாமல் போவார், எழுதியவருக்குப் பக்கம் பக்கமாகச் சேரும். என் ரூம்மேட் ஐந்து பாகப் பேய்க்கதை எழுதிக்கிட்டிருக்கா. அவள் கண்டிப்பாகப் போடணும். ஆனால் தானாகப் புதுப்பிக்கிற ஆப்ஷனை முதல் நாளே எடுத்துவிட்டு, 90வது நாளை காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லியிருக்கேன்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் மாதிரி தளங்களில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் புத்தகத்தை இலவசமாகக் கொடுக்கலாம். நல்ல வேலை, நான் நிறைய படித்தது அங்கேதான். ஆனால் அந்த உரிமத்தை ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. செலக்ட் 90 நாளில் முடியும், இது முடியாது. ஆகவே அதையும் ராத்திரி ரெண்டு மணிக்கு முடிவு பண்ணாதீங்க.

என் முடிவு இதுதான். கிண்டிலில் போடுகிறேன், டிக் இல்லாமல். கூகுள் பிளே புக்ஸிலும் போடுகிறேன். இரண்டு கதைகளும் இந்த இதழில் இருந்த இடத்திலேயே இருக்கும். 1300 ரூபாய் போகட்டும். அடுத்த புத்தகம் முழுக்கப் புதுக்கதைகளாக இருந்தால் அப்போது இதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன், டிக் போட்டாலும் போடுவேன்.

உங்களில் யாராவது புத்தகம் போடுகிற ஐடியாவில் இருந்தால், ராயல்டி சதவீதத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. நிச்சயமாகப் படிப்பார்கள் என்று நீங்கள் நம்புகிற பத்து பேரின் பெயரை ஒரு பேப்பரில் எழுதுங்க. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர்கள் எதில் படிப்பார்கள் என்று எழுதுங்க. என் பேப்பரில் கிண்டில் என்று வந்தது மூன்று பெயருக்குத்தான். அந்த டேப்பை இன்றைக்கு மூடிவிட்டேன்.