ஆவூரும் அந்திச் செபமும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் விசுவாசம் தலைமுறை கடந்து நிலைத்ததற்குக் குருக்களைவிட வீட்டாரே பெருங்காரணம். ஆவூரில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபையைச் சேர்ந்த புஷே அடிகளார் ஆலயம் எழுப்பினார். பின்னர் வீரமாமுனிவரும் அங்கே பணியாற்றினார். ஆனால் அந்நாளைய மதுரை மிஷனில் ஒரு குருவின் பொறுப்பில் எத்தனையோ ஊர்கள் இருந்தன. சிற்றூர்களுக்கு அவர் ஆண்டில் ஓரிரு முறை வந்தாலே அதிகம். மற்ற நாள்களில் மந்திரம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடப்பவரின் தலைமாட்டில் செபிப்பது, ஆபத்து வேளையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது எல்லாம் உபதேசியாரின் வேலை. வீரமாமுனிவர் தம் ‘வேதியர் ஒழுக்கம்’ நூலை எழுதியது இவர்களுக்காகத்தான்.

1773இல் திருத்தந்தை இயேசு சபையைக் கலைத்தபோது அந்த ஓரிரு வருகைகளும் அரிதாயின. கோவாவிலிருந்து வந்த குருக்களும் பாரிஸ் மறைபரப்புச் சபையாரும் இயன்றதைச் செய்தனர். அவர்கள் மிகச் சிலர். மீட்டெடுக்கப்பட்ட இயேசு சபை மதுரை மிஷனுக்குத் திரும்பியது 1830களின் பிற்பகுதியில். இடையே ஓடிய அறுபது ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் பாட்டி பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து, அந்தப் பேரப்பிள்ளையே பாட்டியாகியிருப்பாள். திரும்பி வந்தவர்கள் எங்கும் வெறும் மண்ணில் தொடங்கவில்லை. குழப்பமும் கட்சிகளும் இருந்தன. அவற்றோடு, தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட ஊர்களும் இருந்தன. ஜப்பானில் இது இன்னும் கடுமையாக நடந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் குருவே இல்லாமல் மறைந்து வாழ்ந்த குடும்பங்கள் 1865இல் நாகசாகியின் ஓவுரா ஆலயத்துக்கு வந்து பெத்திஜான் அடிகளாரிடம் தங்களை வெளிப்படுத்திக்கொண்டன. ஞானஸ்நானம் கொடுக்கும் முறையும் திருநாள் கணக்கும் அதுவரை தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்திருந்தன.

வீட்டில் கைமாறுவது பெரும்பாலும் பாடமாகக் கைமாறுவதில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் திரு இருதயப் படத்தின் முன் பாய் விரிக்கப்படுகிறது. செபமாலையை முன்னின்று சொல்வது பாட்டி. நான்கு வயதுப் பேரன் பொருள் தெரியாமலே பின்பாதியைச் சொல்கிறான். ஐந்தாம் தேவரகசியத்துக்குள் பாயிலேயே தூங்கிவிடுகிறான். பள்ளிக்குக் கிளம்பும்போது அவன் நெற்றியில் ஒரு சிலுவை வரையப்படுகிறது. கேள்வி–பதில் வடிவில் எந்த மறைக்கல்வி நூலும் அவனை அடையுமுன்பே, ஒன்றின்முன் முழந்தாளிட வேண்டும் என்பதை உடம்பு கற்றுக்கொண்டுவிடுகிறது. ஆவூரின் பாஸ்கு நாடகமும் பாஸ்காத் தேரும் இவ்வகைக் கல்வியே. தேருக்கு வரும் பிற சமயத்தாரும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிவருகிறார்கள்.

விசுவாசம் வீட்டில் கைமாறுவதற்கு மறைநூலில் உள்ள தெளிவான சான்று திமொத்தேயுவின் வீடு. அவருடைய விசுவாசம் முதலில் பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்ததைப் பவுல் பெயர் சொல்லியே நினைவுகூர்கிறார். தந்தையோ கிரேக்கர். கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படும் பங்குகள் இந்த விவரத்தைப் போதிய அளவு எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று குறித்து, பெற்றோரே பிள்ளைகளுக்கு முதல் போதகர்கள் என்றது. தமிழில் அதற்கு முன்பே வீரமாமுனிவர் தேம்பாவணியின் 3,615 பாடல்களுக்கும் தலைவராக வளனாராகிய சூசையப்பரை, ஒரு வீட்டைக் காத்த தச்சரை, நிறுத்திவிட்டார்.

இன்று மாவட்டத்தின் பல வீடுகளில் நடுத்தலைமுறை ஊரில் இல்லை. தகப்பன் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ, சில வீடுகளில் தாயும் தந்தையும் திருப்பூரிலோ வேலையில் இருக்க, பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள். புதுநன்மை வகுப்புக்கான பெற்றோர் கூட்டத்துக்கு வருவதும் பாட்டிதான். ஆனால் கூட்டத்தில் பேசப்படுவது பெற்றோரை நினைத்துத் தயாரித்த உரை. கொடுக்கப்படுவது அவர் கண்ணுக்கு எட்டாத சிறு எழுத்தில் அச்சிட்ட தாள். மறைக்கல்வி ஆசிரியர் வகுப்பில் கற்பிக்கும் செபத்தின் வாசகம் புதிய மொழிபெயர்ப்பு, பாட்டி சொல்வது பழையது. எது சரி என்று பிள்ளை கேட்கும்போது இரண்டும் சரி என்று சொல்லும் ஆசிரியர் வீட்டைத் தம் பக்கம் வைத்துக்கொள்கிறார். பாட்டியுடையதைத் திருத்துபவர் அந்த வீட்டை இழக்கிறார். வெளிநாட்டுத் தகப்பன் வாட்ஸ்அப் காணொளியில் அந்திச் செபத்தில் சேர்ந்துகொள்ளும் வழக்கத்தைச் சில குடும்பங்கள் தாமாகவே கண்டுபிடித்திருக்கின்றன. அன்பியக் கூட்டங்களில் அதை மற்றவர்களுக்கும் சொல்லலாம்.

வீடு கைமாற்றித் தருவதெல்லாம் நற்செய்தி அல்ல. சாதியும் அதே பாயில் அமர்ந்துதான் கற்கப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டிலேயே மதுரை மிஷன் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென்று பண்டாரசாமிகள் எனப்பட்ட குருக்களைத் தனியே வைத்தது. அந்தப் பிரிவினை தனிக் கல்லறைகளாகவும், சப்பரம் எந்தத் தெரு வரை போகலாம் என்ற தகராறுகளாகவும் தமிழகத்தின் பல பங்குகளில் நீடித்தது. பாட்டியின் செபத்தை மதிக்கும் ஆசிரியர், அதே பாட்டி பேரனிடம் யார் வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொல்வதையும் கேட்க நேரிடும். அங்கே இரண்டும் சரி என்று சொல்ல முடியாது. பாட்டியைப் பிள்ளைகள்முன் சிறுமைப்படுத்தாமல், வகுப்புப் பிள்ளைகளை எல்லாத் தெருக்களின் அந்திச் செபத்துக்கும் மாற்றி மாற்றி அழைத்துச் செல்வதே ஆசிரியர் செய்யக்கூடியது. எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே தரும் தண்ணீரைப் பிள்ளைகளோடு அவரும் குடிக்க வேண்டும்.