புளியும் நாதமும்

சென்ற மாதம் ஆம்பூரில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் தங்கியிருந்தோம். அவருடைய பத்து வயதுப் புதல்வன் கண்ணீர் மல்க ஒரு மௌத் ஆர்கனை நம்மிடம் நீட்டி, "மாமா, இது பாடமாட்டேன் என்கிறது!" என்றான்.

விசாரித்தோம். ஆற்காட்டு மக்கன் பேடாவைத் தின்ற வாயோடு பையன் ஊதியதில், பாகு உள்ளே புகுந்து ஒட்டிக்கொண்டதாம். "உள்ளே இருப்பது பித்தளைதானே அப்பா?" என்று பாட்டியம்மாள் அதைப் புளிக்கரைசலில் முக்கி, பிறகு இரவெல்லாம் வெந்நீரில் ஊறப் போட்டுவிட்டார்!

ஊறவைப்பது அந்தப் பாலாற்றுப் பிரதேசத்துக்குப் பழக்கமான வித்தை. தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிலிட்டு மயிர் போக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்டு உலகெங்கும் அனுப்பிய ஊர்கள் அவை. ஆனால் தோலுக்கு ஆகும் வைத்தியம் வாத்தியத்துக்கு ஆகாது.

ஜெர்மனியில் டிராஸிங்கன் என்னும் ஊரில் மத்தியாஸ் ஹோனர் 1857-ல் செய்யத் தொடங்கிய காலந்தொட்டு இவ்வாத்தியத்தின் அமைப்பு பெரிதும் மாறவில்லை. நடுவே சீப்புப் போன்ற ஒரு கட்டை. அதன் இருபுறமும் தகடுகள். தகடுகளில் ரீடுகள் எனப்படும் மெல்லிய பித்தளை நாக்குகள். ஹார்மோனியத்தில் ஒலிப்பவையும் இத்தகைய நாக்குகளே. மரக்கட்டை நீரில் ஊறினால் உப்பி, காற்றின் வழியை அடைக்கும். புளியோ பித்தளையை அரிக்கும். நாக்கின் நுனி தேய்ந்தால் சுருதி ஏறும். அடி தேய்ந்தால் இறங்கும். குடத்துக்குப் பளபளப்புத் தரும் புளி, ஸ்வரத்துக்குச் சத்துரு!

செய்யவேண்டியது சொற்பமே. வாயைக் கொப்பளித்த பிறகே ஊதுக. ஊதி முடிந்ததும் துளைகள் கீழ்நோக்கும்படி உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, ஈரத்தை உதறுக. துணியால் துடைத்து, சற்று நேரம் காற்றாட வைத்த பிறகே பெட்டியில் மூடுக. அழுக்குச் சேர்ந்தால், திருகாணியுள்ள மேல்தகட்டைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் நாக்கின் அடியிலிருந்து நுனி நோக்கித் தடவுக, குறுக்கே தேய்க்கலாகாது. ஆணி அடித்த வகையை நெம்பவேண்டாம். ஒருவர் வாத்தியத்தை மற்றொருவர் வாயில் வைப்பதும் வேண்டாம்.

பையனின் வாத்தியத்தை மூன்று நாள் நிழலில் உலர்த்தினோம். கட்டை சுருங்கிற்று, ஸ்வரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மத்திமம் மட்டும் சற்று ஏறியே நின்றுவிட்டது. பையன் அதைப் பொருட்படுத்தவில்லை. செம்பு நீருடன் கொப்பளிக்க ஓடினான்.

"அப்படியானால் புளி ரசத்துக்கு மட்டும்தானா?" என்றார் பாட்டியம்மாள். ஆமென்றோம். அன்றிரவு ரசம் அபாரமாக இருந்தது.