சவாய் ஹோட்டலில் தங்கினோர் யாவர்?

இலண்டன் மாநகரின்கண், ஸ்டிராண்டு வீதிக்கும் தேம்ஸ் நதிக்கும் இடையே அமைந்துள்ளது சவாய் ஹோட்டல். இசைநாடகங்களை அரங்கேற்றிப் பெரும்பொருள் ஈட்டிய ரிச்சர்டு டாய்லி கார்ட்டு என்பார் 1889ஆம் ஆண்டில் இதனைத் திறந்தனர். மின்விளக்கும் லிப்டும் அரியவாயிருந்த அந்நாளிலேயே அவையிரண்டும் இங்கு உளவாயின. செசார் ரிட்ஸ் மேலாளராயிருந்தார். எஸ்காபியர் மடைத்தொழிலை நடாத்தினார். ஓவியர் மோனே 1899 முதல் 1901 வரை மும்முறை வந்து தங்கித் தேம்ஸின் பாலங்களைத் தீட்டினார். ஹோட்டலின் பழம்பெருமை பேசுவார் இத்தகைய பெயர்களையே அடுக்குவர். அவ்வழக்கு எமக்கு உடன்பாடன்று.

அந்நிலத்தின் பழைய வரலாறு வேறு. அங்கிருந்த சவாய் அரண்மனையை 1381இல் கிளர்ந்தெழுந்த குடியானவர் எரித்தழித்தனர். பின்னர் ஏழாம் ஹென்றி மன்னர் தம் மரணசாசனத்தால் ஏழைகள் நூற்றுவர் தங்குதற்கு ஆங்கு ஒரு தருமசாலை ஏற்படுத்தினார். அது 1702இல் கலைக்கப்பட்டது. அதன் தேவாலயம் மட்டும் இன்றும் ஹோட்டலின் அருகே உளது. வாடகை கொடாத விருந்தினரே அவ்விடத்துக்கு மூத்தோர் என்க.

1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானங்கள் கீழை இலண்டனின் ஏழை மக்கள்மேல் குண்டுமாரி பொழிந்தன. அம்மக்களுக்கு நல்ல பதுங்கிடம் இல்லை. சவாயின் நிலவறையிலோ மெத்தைப் படுக்கையும் தாதியரும் இருந்தனர். 14ஆம் நாள் இரவு, பொதுவுடைமைக் கட்சியினரான பில் பிராட்டின் என்பார் ஸ்டெப்னி மக்கள் பலரைக் குழந்தைகளோடு அழைத்துக்கொண்டு உள்ளே புகுந்தார். அபாயச் சங்கு ஒலித்தமையால் அவர்களை வெளியேற்ற இயலவில்லை. தேநீரை மலிந்த விலைக்குக் கேட்டனர், பணியாளர் கொணர்ந்தனர்.

அழையாத மனையிற் புகுதல் முறையோ, கட்சிக்காரர் செய்த ஆரவாரமன்றோ இது என வினவுவாருமுளர். ஆரவாரமும் இருந்தது; மறுக்கிலேம். ஆயினும், சத்திரத்தில் இடம்பெறாத தாயைக் குறித்துக் கிறிஸ்துமஸ்தோறும் பாடும் நாம், மகவை ஏந்தி அந்நிலவறையில் இறங்கிய தாயரைக் குறைகூறுதல் எங்ஙனம்? படுக்கையும் உணவும் விலைக்கு விற்பது வாணிகம். அதனை யாம் பழிக்கவில்லை. குண்டு விழும் இரவில் உயிர்க்காவலையும் அவ்விலைப்பட்டியலிற் சேர்த்ததே பிழை. ஆதலின், மோனே தங்கியதைப் போற்றும் நூல்கள் ஸ்டெப்னியாரையும் அவ்வரிசையிலேயே வைத்து எழுதுதல் வேண்டும்.

பிராட்டின் 1945இல் பார்லிமெண்டு உறுப்பினராயினார். ஏனையோர், அபாயம் நீங்கிய ஒலி கேட்டதும், பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போயினர்.