துணி காயாத நாளில் மெதுவாக ஓடு

நேற்று ராத்திரி விருதுநகரிலிருந்து அம்மா போன். "ஏய்யா, உங்க ஊர்ல முப்பத்திமூணு டிகிரிதானாமே, டிவில போட்டான். இங்க முப்பத்தொம்போது. நீ குளுகுளுன்னு இருப்ப" என்றார்.

நான் அப்போது மட்டாஞ்சேரி வீட்டில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். குளித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்குள் முதுகோடு ஒட்டிப்போன பனியனை உரித்துக்கொண்டிருந்தேன். "ஆமாம்மா, குளுகுளுன்னுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல!

முதலில் என்னைப் பற்றி ரெண்டு வரி. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி, மூன்று வருஷத்துக்கு முன் இந்த ஊருக்கு வந்தவன். வயது 44. ஐந்து வருஷத்துக்கு முன் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் நடக்க ஆரம்பித்தேன். நடை ஓட்டமானது. இதுவரை ரெண்டு அரை மராத்தான். ஜனவரியில் சென்னை மராத்தானில் முழு 42 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று ஓர் ஆசை. ஜனவரியில் ஓட வேண்டுமென்றால் ஏப்ரல், மே மாதங்களில் வீட்டில் படுத்துக் கிடக்க முடியாது. அதனால் தினமும் காலை 5 மணிக்கு பஜார் ரோடு, கல்வத்தி, ஃபோர்ட் கொச்சி கடற்கரை, பரேடு மைதானம், வெளி என்று ஒரு சுற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் கட்சி இதுதான்: இந்த மாதிரி கடலோர ஊரில் கோடையில் வேகத்தைக் குறைக்காமல் ஓடுவது வீரம் இல்லை, கணக்குத் தெரியாமை. அதைக் கைதட்டி ஊக்குவிக்கிற நாமும் தப்பு செய்கிறோம். சொந்தச் செலவில் கற்றுக்கொண்ட பாடம் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

இங்கே வந்த முதல் மே மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட ஓடுகிற நண்பர்களோடு 15 கிலோமீட்டர் என்று திட்டம். கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் 30 விநாடி. ஜனவரியில் பேசிக்கொண்டே ஓடிய வேகம்தான். ஒன்பதாவது கிலோமீட்டரில் மூச்சு வாங்கியது. "வெயில்கூட வரலை சார், அதுக்குள்ளயா?" என்றார் ஒருவர். விருதுநகர்க்காரனைப் பார்த்து வெயில் என்று சொன்னால் விடுவேனா? விடவில்லை. பதினோராவது கிலோமீட்டரில், அந்த வெக்கையில், கையில் மயிர் கூச்செறிந்தது. குளிர்கிற மாதிரி இருந்தது. இன்னும் எத்தனை கிலோமீட்டர் பாக்கி என்று யோசித்தேன். 15-ல் 11 போனால் எத்தனை? தெரியவில்லை. இருபது வருஷம் கூட்டல் கழித்தலில் சோறு தின்றவனுக்கு 15-ல் 11 போனால் எத்தனை என்று தெரியவில்லை.

அது நடந்த இடம் வெளி என்கிற பகுதி. அங்கேதான் தோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர்கள் காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்து தங்கிவிட்ட சலவைத் தொழிலாளர்களின் வாரிசுகள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். வாசலில் நான் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து ஒரு பெரியவர் வெளியே வந்தார். ஒன்றுமே கேட்கவில்லை. துணி அலசுகிற வாளியைத் தூக்கித் தலையில் கவிழ்த்தார். பிறகு இன்னொன்று. நான்காவது வாளிக்குப் பிறகு எனக்கு 15-ல் 11 போனால் 4 என்று தெரிந்தது.

அவர் சொன்னது: "சாரே, இன்னிக்கு துணியே உணங்கலை. நீங்க எங்க உணங்கப் போறீங்க?"

உணங்குவது என்றால் காய்வது. மலையாளம் என்று நினைத்திருந்தேன், பழைய தமிழேதான். இந்த ஒரு வாக்கியம் எனக்குக் கற்றுக்கொடுத்ததை என் கையில் கட்டியிருந்த பதினெட்டாயிரம் ரூபாய் கடிகாரம் கற்றுக்கொடுக்கவில்லை.

நான் கணக்குப் பிள்ளை. கணக்காகவே சொல்கிறேன்.

ஓடும்போது ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, தோராயமாக 1 கிலோகலோரி செலவாகிறது. நான் 72 கிலோ. 10 கிலோமீட்டர் ஓடினால் 720. இதில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் ஓட்டத்துக்குப் போகிறது. மிச்சம் சுமார் 550 வெறும் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்பு வைத்திருக்கிற முக்கிய வழி வியர்வை. 1 லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஆக, 10 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 லிட்டர். வரவும் செலவும் சரியாகிவிட்டது அல்லவா?

ஆகவில்லை. 'ஆவியானால்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது பாருங்கள், எல்லாம் அதில்தான். மூக்கு நுனியிலிருந்து ரோட்டில் சொட்டுகிற வியர்வை ஒரு துளி சூட்டைக்கூட ஆவியாக்கி எடுத்துப் போவதில்லை. வங்கி பாஷையில் சொன்னால், செக் போட்டாச்சு, ஆனால் கலெக்‌ஷன் ஆகவில்லை. காற்றில் ஏற்கனவே 90 சதவீதம் ஈரப்பதம் இருந்தால் பெரும்பாலான செக் திரும்பி வந்துவிடும். உடம்போ விடாமல் மேலும் மேலும் செக் எழுதுகிறது. ரத்தத்தில் நீர் குறைகிறது. இருக்கிற ரத்தத்தைக் காலுக்கும் அனுப்ப வேண்டும், சூட்டை வெளியே தள்ளத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். இதயம் வேகமாக அடிப்பது சோம்பேறித்தனத்தால் அல்ல, ரெண்டு கவுன்டரையும் ஒரே ஆள் பார்ப்பதால்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருவோம். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி அளந்தால் வருவது ஈரக்குமிழ் வெப்பநிலை. துணி எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு குளிரும். விருதுநகரில் மதியம் 39 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்று வையுங்கள். நிழலில் ஈரக்குமிழ் 24-க்குக் கொஞ்சம் கீழே. மட்டாஞ்சேரியில் விடிவதற்கு முன் 27 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். ஈரக்குமிழ் 25-ஐத் தாண்டி நிற்கும்! துணி காயும் விஷயத்தில் எங்கள் ஊர் நடுமதியம், இந்த ஊர் விடிகாலையைவிட மேல். (இதைப் படித்துவிட்டு யாரும் விருதுநகரில் உச்சிவெயிலில் ஓடாதீர்கள். அங்கே சூரியன் என்று ஒன்று இருக்கிறது :-))

இன்னொன்று. வானிலைத் துறை வெப்ப அலை என்று அறிவிக்க வேண்டுமானால், சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி தொட வேண்டும். கொச்சி 37-ஐத் தொடுவது அபூர்வம். அதனால் டிவியில் எச்சரிக்கை பெரும்பாலும் வராது. கேரளத் தொழிலாளர் துறை கோடையில் நேரடி வெயிலில் வேலை செய்பவர்களுக்கு மதியம் 12 முதல் 3 வரை ஓய்வு என்று உத்தரவு போடுகிறது. நல்ல காரியம். ஆனால் காலை 5 மணிக்குத் தானாக வந்து மாட்டிக்கொள்கிற எங்களுக்கு உத்தரவு போட யாரும் இல்லை. நாங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும்.

"உடம்பு பழகிடும் சார்" என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. 10 முதல் 14 நாள் வெக்கையில் ஓடினால் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். ஆனால் பழகுவது உடம்புதான், காற்று இல்லை. எவ்வளவு பழகினாலும் ஈரத்தை வாங்கிக்கொள்ளக் காற்றில் இடம் இருக்க வேண்டுமே. பஜார் ரோட்டில் மூட்டை தூக்குகிற தொழிலாளர்களைத் தினமும் பார்க்கிறேன். இந்த ஊர்க் காற்றுக்கு அவர்களைவிடப் பழகியவர் யார்? அவர்கள் ஓடுவதில்லை. ஒரே நிதானத்தில் நடக்கிறார்கள், நாலு நடைக்கு ஒருமுறை நிழலில் நிற்கிறார்கள், உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி குடிக்கிறார்கள். பழக்கம் என்பது இதுதான். அவர்களைக் காட்டி நம்மை வேகமாக ஓடச் சொல்வது வேடிக்கை.

பெரிய ஆட்களுக்கு மட்டும் என்ன ஆனது? 2019 செப்டம்பர் 27, தோஹா உலக தடகளப் போட்டி. பெண்கள் மராத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் வைத்தார்கள். சூரியனே இல்லை. ஆனால் 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். கிளம்பியவர்கள் 68 பேர், பாதியில் விலகியவர்கள் 28 பேர். வென்ற கென்ய வீராங்கனைக்கு 2 மணி 32 நிமிடம் 43 விநாடி. அவரே அதே வருஷம் ஜனவரியில் துபாயில் 2 மணி 17 நிமிடம் 8 விநாடியில் ஓடியவர். உலகச் சாம்பியனே கால் மணி நேரம் விட்டுக்கொடுத்த இடத்தில் நாம் கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷம் விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

குறைவது ஒன்றே ஒன்றுதான், கௌரவம். ஓட்டம் முடிந்ததும் அவரவர் வேகத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். மெதுவாக ஓடியவன் போடுவதில்லை. மயங்கி உட்கார்ந்தவன் சொல்வதே இல்லை. நானும் சொல்லவில்லை. "கால் சுளுக்கு" என்று எழுதினேன். வீட்டிலும் அதையேதான் சொன்னேன். வராக்கடனைப் புதுக் கடன் கொடுத்து மறைக்கிற மேனேஜரைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவன், என் உடம்புக் கணக்கில் அதையே செய்தேன். என்னைப் போல எத்தனை பேர் சுளுக்கு என்று எழுதியிருப்பார்களோ?

அதன்பிறகு நான் வைத்துக்கொண்டிருக்கிற விதிகள்:

1. ஏப்ரல், மே மாதங்களில் வேகத்தைப் பார்ப்பதில்லை. முழு வாக்கியம் பேச முடிகிற அளவில் ஓட்டம். ஜனவரியில் 6:30 என்றால் இப்போது 7:30, சில நாள் 8 நிமிஷம்.

2. 15 நிமிஷத்துக்கு ஒருமுறை 1 நிமிஷம் நடை. வெட்கப்படுவதில்லை.

3. தாகத்துக்குத் தண்ணீர், வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட மோர். அதற்காகக் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவுக்குக் கீழே போயிருந்தது. அளவுக்கு மீறிக் குடித்தது அதற்கு முக்கியக் காரணம்.

4. மயிர் கூச்செறிதல், குளிர், தலைசுற்றல், பேச்சுக் குழறல் - இதில் ஒன்று வந்தாலும் அன்றைய கணக்கு முடிந்தது. ஆட்டோ பிடித்து வீடு.

கடைசியாக ஒரு கோரிக்கை, ஓட்டக் குழு நடத்துகிறவர்களுக்கும் போட்டி நடத்துகிறவர்களுக்கும். உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி, ஆள் குழம்பிப் பேச ஆரம்பித்தால் அது வெப்ப பக்கவாதம். அப்போது முதல் வேலை ஆம்புலன்ஸுக்குள் ஏற்றுவது அல்ல. கழுத்துக்குக் கீழே ஐஸ் தண்ணீரில் முக்குவது. குளிர்வித்த பிறகுதான் ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் ஃபால்மத் என்ற ஊரில் ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் 11 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம் நடக்கிறது. 18 வருஷப் போட்டிகளில் 274 பேருக்கு இந்த நிலை வந்திருக்கிறது. எல்லாரையும் அங்கேயே ஐஸ் தொட்டியில் இறக்கினார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை.

நம்மிடம் ஐஸ் இல்லையா? தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்துக்குத் தினமும் விடியுமுன் லாரி லாரியாக ஐஸ் போகிறது. அயிலைக்கும் மத்திக்கும் கிடைக்கிற ஐஸ், ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டத்தில் மனுஷனுக்குக் கிடைக்கக் கூடாதா? ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ரெண்டு கட்டி ஐஸ். மெடலுக்கும் டி-ஷர்ட்டுக்கும் ஆகிற செலவில் இது ஒன்றுமே இல்லை. என் முறை வந்தபோது ஐஸ் இல்லை, துணி அலசுகிற வாளிதான் இருந்தது. அதுவும் அந்தப் பெரியவர் தற்செயலாக வெளியே வந்ததால். அடுத்தவருக்கும் அப்படி ஒருவர் வருவார் என்று எந்தத் தைரியத்தில் ஓட விடுகிறோம்?

இன்று காலையும் வெளி வழியாகத்தான் போனேன். கொடியில் ராத்திரி முழுக்கக் கிடந்த வேட்டியைப் பெரியவர் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கிக் கையை ஆட்டினார். கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். 8 கிலோமீட்டர், எத்தனை நிமிஷம் என்று பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டு, இங்கேயும் வெக்கைதான் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அப்ப ஓடாம வீட்ல கெடய்யா" என்றார்.

ஓடுவேன் அம்மா. மெதுவாக.