பொதுவான மலைகள் எத்தனை?

அட்டன், நுவரெலியாப் பக்கத் தோட்டங்களில் விடிந்ததும் பெரட்டுக்களத்தில் ஆள் பிரிக்கிறார்கள். யார் எந்த மலையில் கொழுந்தெடுப்பது, யார் எந்த மலையில் மருந்தடிப்பது என்பது அங்கேதான் முடிவாகிறது. இந்தப் பங்கீட்டைக் கட்டுப்பாட்டுச் செய்நிரலாக்கத்தில் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இரு பட்டியல்களுக்கும் பொதுவானது எத்தனை என்ற கேள்விக்கு மூன்று விடைகள் உண்டு.

கொழுந்தெடுக்கும் ஆறு பெண்களுக்கு 3, 3, 5, 7, 7, 7 ஆம் நம்பர் மலைகள். மருந்தடிக்கும் நால்வருக்கு 3, 7, 7, 9 என்று வைத்துக்கொள்வோம். மருந்தடிக்கும் மலைகளில் நிற்கும் பெண்கள் 5 பேர். கொழுந்தெடுக்கும் மலைகளில் மருந்தடிப்போர் 3 பேர். இரண்டு பட்டியலிலும் வரும் வெவ்வேறு மலைகள் 2. எத்தனை பெண்களுக்கு ஆபத்து என்றால் 5. எத்தனை மலைகளில் வேலையை மாற்ற வேண்டும் என்றால் 2.

நிக்கொலா பெல்டிசியானு முன்னின்று தொகுத்த கட்டுப்பாட்டு அட்டவணையிலுள்ள 'காமன்' என்ற கட்டுப்பாடு முதல் இரண்டு எண்ணிக்கைகளையே தருகிறது. மூன்றாவதை நாமே அமைக்க வேண்டும். ஒவ்வொரு மலைக்கும் இரண்டு 0-1 மாறிகள்: இங்கே கொழுந்தெடுப்பு உண்டா, மருந்தடிப்பு உண்டா? இரண்டும் 1 ஆனால் மட்டும் 1 ஆகும் இன்னொரு மாறி. அவற்றின் கூட்டுத்தொகையே விடை.

எழுதுவது எளிது, தீர்வு தேடும் மென்பொருளான சால்வருக்கு அப்படியல்ல. ஒரே பட்டியலின் வெவ்வேறு பெறுமானங்களை எண்ணும் கட்டுப்பாட்டை 1999இல் பாஷேயும் ருவாவும் இசை நிகழ்ச்சி தொகுப்பதற்காக முன்வைத்தார்கள். அதை முழுமையாக வடிகட்டுவதே என்பி-கடினம். இரு பட்டியல்களுக்கும் பொதுவாக எதுவுமே வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கும் அதே நிலைதான். ஆகவே, ஏற்கெனவே தெரிந்ததைக் கூடுதல் கட்டுப்பாடாகச் சொல்லிக்கொடுங்கள். 20 மலைகள் உள்ள டிவிசனில் கொழுந்துக்கு 13 மலைகளும் மருந்துக்கு 9 மலைகளும் தேவையென்றால், குறைந்தது 2 மலைகள் பொதுவாகியே தீரும். இந்தக் கூட்டல் கழித்தலை எழுதிவைத்தால், பொதுவான மலையே கூடாது என்னும்போது அன்றைய பட்டியல் நடவாதது என்பதைச் சால்வர் தேடத் தொடங்குமுன்பே சொல்லிவிடும்.

எமக்குக் கட்டுரை அனுப்புவோருக்கும் தோட்டங்களுக்கு மென்பொருள் செய்வோருக்கும் ஒரு வேண்டுகோள்: நீங்கள் எண்ணுவது ஆட்களையா, மலைகளையா என்பதை மாதிரியின் முதல் வரியிலேயே எழுதுங்கள். மருந்தடிக்கும் மலைக்கு ஒரு பெண்ணை அனுப்பும் பட்டியலைச் சரியான தீர்வு என்று சொல்லும் உரிமை நம்மில் எவருக்கும் இல்லை.