விடியும்வரை மரத்திருக்கட்டும்

வலி இரவு 12 மணிக்குத் தொடங்குகிறதா, காலை 6 மணிக்கா என்பது பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் பெரிய விஷயம். பொம்மசந்திரா தொழிற்பேட்டையின் பவர் பிரஸ்ஸில் விரல் நசுங்கி வருகிறவர்களுக்குக் கையை மரக்கவைப்பது என் வேலை. பெரும்பாலும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. ஒரே அறையில் மூன்று நான்கு பேராகத் தங்கியிருப்பார்கள். நண்பகலில் அறுவை முடிந்து மாலையில் அறைக்குப் போகிறவனுக்கு நள்ளிரவில் மரப்பு விட்டால் யார் துணை? கூட்டாளி நைட் ஷிப்டில் இருப்பான். மருந்துக்கடை மூடியிருக்கும். 2025 ஆகஸ்டில் எங்கள் ஊருக்கு வந்த மஞ்சள் தட மெட்ரோவும் அந்நேரத்தில் ஓடாது.

அந்த வலியை விடியற்காலைக்குத் தள்ளிவைக்க ஒரு மருந்து இருக்கிறது. டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு. விலை சொற்பம், அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உள்ளது. அதைத் தகுந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும், ஆனால் நரம்பருகே அல்ல, ரத்தக்குழாய் வழியாக. கொடுத்ததைச் சொல்லியும் அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக்கொத்தைக் காறை எலும்புக்கு மேலே பிடித்து மரக்கவைக்கும் முறையை 1911இல் விவரித்தவர் குலென்காம்ப் என்ற ஜெர்மானிய மருத்துவர். அவர் விரலால் தடவி இடம் கண்டார். நாங்கள் அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பைப் பார்த்தபடியே பியூபிவகெய்ன் என்ற மரப்பு மருந்தைச் செலுத்துகிறோம். அரை மணி நேரத்தில் கை கனத்துவிடும். "கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி கெடக்குது டாக்டரம்மா" என்பார்கள். முழு மயக்கம் தேவையில்லை. கோவையில் 1978இல் ஜே. ஜி. சண்முகநாதன் என்ற மயக்கவியல் மருத்துவர் தொடங்கிய கங்கா மருத்துவமனை, கைக்காயச் சிகிச்சைக்கு நாடே அறிந்த இடமாக வளர்ந்தது. நல்ல மரப்பு இல்லாமல் நல்ல கை அறுவை இல்லை என்பதால், அதைத் தற்செயலாக நான் நினைக்கவில்லை.

இந்த மரப்பு அரை நாள் போல நிற்கும். டெக்ஸாமெதாசோன் சேர்ந்தால் எவ்வளவு நீளும்? 2017இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 35 சோதனைகளை, 2,702 நோயாளிகளை வைத்துக் கணக்கிட்டது. மரப்பு மருந்தோடு கலந்து நரம்பருகே செலுத்தினால் ஏறத்தாழ 6.7 மணி நேரம் கூடுகிறது. ரத்தக்குழாயில் செலுத்தினாலும் ஏறத்தாழ 6.2 மணி நேரம் கூடுகிறது. இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனைகளில் நரம்பருகே செலுத்தும் வழி 3 மணி நேரம் போல முந்தியது.

அந்த 3 மணி நேரத்துக்காகத்தான் பல தியேட்டர்களில் டெக்ஸாவை மரப்பு ஊசிக்குள்ளேயே இழுத்துக் கலக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மருந்தின் அங்கீகரிக்கப்பட்ட பயன்களில் நரம்பருகே செலுத்துவது இல்லை. பல குப்பிகளில் பதப்பொருள் சேர்ந்திருக்கிறது. ரோபிவகெய்ன் என்ற மரப்பு மருந்தோடு கலந்தால் படிகம் திரள்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். இதுவரை பெரிய நரம்புச் சேதம் எதுவும் நிறுவப்படவில்லை என்பது உண்மைதான். ஆனாலும், கையை வைத்துப் பிழைக்கும் ஒருவனின் நரம்பருகே, தேவையில்லாத ஒன்றை ஏன் வைக்க வேண்டும்? ரத்தக்குழாயில் கேனுலா ஏற்கெனவே போட்டிருக்கிறது. அதில் மெதுவாகச் செலுத்தினால் போதும். மெதுவாக என்று அழுத்திச் சொல்கிறேன்: விழித்திருப்பவருக்கு வேகமாக ஏற்றினால் தொடையிடுக்கில் திடீரென்று எரிச்சல் கிளம்பும், பலர் வெளியே சொல்லக் கூசிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள்.

ஸ்டீராய்டு என்றதும் வீட்டார் பதறுவதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மூட்டுவலிக்கும் காய்ச்சலுக்கும் போலி வைத்தியர்கள் இதே மருந்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, மாதக்கணக்கில் விழுங்கியவர்களுக்கு முகம் ஊதி, எலும்பு தேய்ந்து, சர்க்கரை ஏறியதைப் பார்த்த சனம் அது. ஒரே ஒரு தடவை கொடுப்பது வேறு கணக்கு. 2020இல் ஆக்ஸ்போர்டின் ரெகவரி சோதனை, வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாகக் கண்டதும் இதே மருந்தைத்தான். புண் சீழ் பிடிக்காதா என்று கேட்கிறவர்களுக்கும் விடை உண்டு. 2021இல் வெளியான பாடி (PADDI) என்ற சோதனையில் 8,000க்கும் மேற்பட்ட அறுவை நோயாளிகளைச் சேர்த்தார்கள். 8 மில்லிகிராம் டெக்ஸாமெதாசோன் பெற்றவர்களில் 8.1 சதவீதத்தினருக்குப் புண்ணில் தொற்று வந்தது, பெறாதவர்களில் 9.1 சதவீதத்தினருக்கு. சர்க்கரை நோயாளிகளும் அதில் இருந்தார்கள்.

ஆனாலும் ரத்தச் சர்க்கரை ஒரு நாள் ஏறத்தான் செய்யும். இன்சுலின் தயாரிக்கும் பயோகானின் பெயரைத் தாங்கிய ரயில் நிலையம் உள்ள ஊர் இது. தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல் தியேட்டருக்குள் வருகிறவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. முன்கை நசுங்கி, தசைக்குள் வீக்கம் கட்டும் ஆபத்து இருந்தால் மரப்பை நீட்டவே கூடாது. அங்கே வலிதான் முதல் எச்சரிக்கை. மாலை 6 மணிக்கு அறுவை என்றால் சாதாரண மரப்பே விடியும்வரை வந்துவிடும், கூடுதல் மருந்துக்கு வேலை இல்லை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய மருந்து இது. எல்லாருக்கும் ஒரே சீட்டில் எழுதிப்போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

எத்தனை மணி நேரம் நீட்டினாலும் மரப்பு விட்டே தீரும். பலருக்கு அது மெல்ல விடுவதில்லை. வலி ஒரே பாய்ச்சலாக வந்து விழும். கை லேசாகக் குறுகுறுக்கத் தொடங்கியதுமே மாத்திரை போட வேண்டும் என்று தெரியாதவனுக்கு, நாங்கள் நீட்டிக் கொடுத்த நேரத்தால் ஒரு பயனும் இல்லை. மரத்த கையை அடுப்பருகே கொண்டுபோய்ச் சுட்டுக்கொண்டு, சுட்டதே தெரியாமல் இருப்பவர்களும் உண்டு.

சக மருத்துவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒரு துண்டுத்தாள் சேருங்கள், தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் ஒடியாவிலும். ஸ்டீராய்டு கொடுத்தோமா, எத்தனை மணிக்கு மரப்பு விடும், எப்போது மாத்திரை போடுவது, விரல் நீலம் பாரித்தாலோ ஒரு நாள் கடந்தும் மரப்பு விடாமலிருந்தாலோ எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்பது அதில் இருக்கட்டும். கை அறுவைக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று: இவற்றையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மருத்துவமனை வாசலைத் தாண்டாதீர்கள். கேட்பது உங்கள் உரிமை.