விடைத்தாளை அழித்தவர்கள்



மேற்கு வங்க அரசுப் பள்ளிகளின் தரம் பற்றி இங்கே கட்சிகள் ஓயாமல் மோதுகின்றன. 2016-ஆம் ஆண்டுப் பணி நியமனத் தேர்வில் நடந்த முறைகேட்டுக்காக 25,753 ஆசிரியர், ஊழியர் நியமனங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 3 அன்று தீர்ப்பளித்தது. உடனே அப்போது ஆண்ட திரிணமூல் காங்கிரஸ் எதிர்க்கட்சிகளைச் சாடியது, பா.ஜ.க.வும் இடதுசாரிகளும் அரசைச் சாடினார்கள். ஊழல் நடந்ததில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன்னாள் கல்வி அமைச்சர் பார்த்தா சட்டர்ஜி 2022-லேயே கைதானவர்.

என் நெஞ்சை அறுப்பது வேறு. விடைத்தாள்களின் அசல் பிரதிகள் அழிக்கப்பட்டிருந்தன. முழுத் தேர்வும் ரத்தாக அது முக்கியக் காரணம். லஞ்சம் கொடுத்தவரோடு, இரவு பகலாகப் படித்துத் தேறியவரும் தெருவுக்கு வந்தார். அவரிடம் கணக்கும் அறிவியலும் கற்ற பிள்ளைகளைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சில்லை. கட்டடமும் சைக்கிளும் தந்தால் மட்டும் தரம் உயர்ந்துவிடாது, ஆசிரியர் வேண்டும்.

எந்தக் கட்சி ஆண்டாலும் விடைத்தாள் நகல்களைப் பல ஆண்டுகள் பாதுகாப்பதைச் சட்டமாக்க வேண்டும். பள்ளிவாரியாகக் காலியிடங்களை வெளியிட வேண்டும். வாக்குக் கேட்டு வருபவர்களிடம் பெற்றோர்களே, முதலில் இவற்றைக் கேளுங்கள்.

– ஒரு வாசகர், சாந்த்ராகாச்சி, ஹவுரா